கடைத்தெருப் பாஷை

பதினைந்து நாளைக்கு ஒருமுறை
அதிகாரியின் போனில் இரண்டு நிமிஷம்.
பக்கத்தில் நிற்கிறவனுக்குப் புரிய வேண்டுமாம்,
தமிழில் பேசக் கூடாது.

என் மாமியாருக்குத் தெரிந்த பர்மா பாஷை
மோல்மேன் பெரிய சந்தையில்
முப்பது வருஷம் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் விற்றுச் சேர்த்தது.
விலை சொல்வாள், எடை சொல்வாள்,
அழுகலைத் திருப்பித் தருகிறபோது
திட்டுவாள், சுத்தமாக.
மகனிடம் பேச அதில் ஒரு சொல்லும் இல்லை.

"தமின் ஸா பீபிலா" என்கிறான்.
சோறு தின்றாயா.
நடுவில் வரும் அந்த 'ஸா'
நம் சாப்பாட்டின் 'சா' மாதிரியே கேட்கிறதாம்,
அந்த மட்டும் அவளுக்குச் சந்தோஷம்.
பிறகு சரக்குக்காரனிடம் கேட்பதுபோல்
எப்போது வரும் என்கிறாள்.
அவனும் சரக்குக்காரன் பதிலையே சொல்கிறான்:
"மதிபூ." தெரியாது.
காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா?
நனைந்திருக்கிறது என்றான் போன தடவை.
பூட்ஸா, படுக்கையா,
எந்த மலையில் எந்த மழை,
நாங்களே யூகித்துக்கொண்டோம்.

வீட்டில் அவன் அடைக்கலம்.
வார்டு ஆபீஸ் ஏட்டில் ஸோ மின்.
பிஸ்கட் டப்பாவில் சீட்டுக் குலுக்கிய நாளுக்கு
முந்தின ராத்திரி
என் நான்கு வளையல் போயிற்று.
என் புருஷன் பெயரெழுதிய சீட்டு
டப்பாவுக்குள் விழவேயில்லை.
கொழுந்தனுக்கும் கொடுக்க
என்னிடம் எட்டு வளையல் இல்லை.
இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இவர் தம்பியின் சைக்கிளைத் தினமும் துடைக்கிறார்,
ஓட்டுவதில்லை.
கதவு தட்டினால் கக்கூசுக்குள் போய்த் தாழ் போடுகிறார்.
சித்தப்பா லுங்கி இல்லாமல்
பிள்ளைக்குத் தூக்கம் வருவதில்லை.
என்னைத் தொட்டு நாலு மாதம்.

நேற்று கரண்ட் போன பிறகு
மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம், அவளும் நானும்.
குலுக்கல் நாளிலிருந்து என்னோடு பேசாதவள்
தலை நிமிராமல் கேட்டாள்:
"பெலாவ்லே?"
எவ்வளவு.

எது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
என் வெறுங்கையை இருட்டில் தேடி எடுத்து
தன் உள்ளங்கையில் வைத்து
எடை பார்க்கிறவள்போல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

இரண்டு பேர் விரலிலும் மிளகாய்க் காரம்.
கண்ணைத் துடைக்க முடியவில்லை.