ஈரப்பதம்

காரைக்கால் இருதயராஜ் கப்பலுக்குப் போகிறான் என்று
பதினெட்டாயிரத்துக்கு முடித்தேன், இரண்டு தவணை.
பழைய கிட்டாரைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல்.
முதலில் தோள்பட்டை சொன்னது,
காது பிறகுதான்.

பழையதற்கு ஆம்பில் புள்ளி வைத்திருந்தேன்
நகப்பூச்சால், சிவப்பில்.
ட்ரெபிள் ஆறு. மிடில் நாலரை. பேஸ் ஏழு.
வலங்கைமானில் நடுப்பாட்டில் கரண்ட் போய்
திரும்பி வந்தபோதும்
விரல் இருட்டிலேயே அங்கே போய் நின்றிருந்தது.

புதியதைச் சொருகி
அதே புள்ளிகளில் ஓர் ஈ மைனர்.
வந்தது நாதமில்லை,
களி.
நடவு வயலில் கால் வைத்ததுபோல
ஒரு சுரத்தை உருவி எடுத்தால்
கணுக்கால்வரை சேறும் கூடவே வந்தது.

பகலில் நான் கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிறவள்.
பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால்
மூட்டையைத் தைக்க விடமாட்டேன்.
"இருபத்திரண்டு இருக்கு. காயவச்சு எடுத்துட்டு வாங்க."
என் காதுபடவே ஏசிவிட்டு
தார்ச்சாலையில் கொட்டுவார்கள்,
காலாலேயே கோடு கிழித்துக் கிளறுவார்கள்,
பேருந்துகள் ஒதுங்கிப் போகும்.

அன்றிரவு எனக்கு நானே சொன்னேன்:
இருபத்திரண்டு.

பேஸை ஏழிலிருந்து மூன்றுக்கு இறக்கினேன்.
ட்ரெபிளைக் கொஞ்சம் தூக்கினேன், கீச்சிட்டது, விட்டேன்.
ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பின் தடித்த பக்கத்தை
இரண்டு சுற்றுத் தாழ்த்தினேன்;
கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவில்
ஐந்து ரூபாய்க் காசு நுழையுமளவு இடம்.
கிட்டாரின் வால்யூமைப் பத்திலேயே வைத்திருப்பது என் பழக்கம்.
எதற்கோ ஏழுக்குத் திருகியபோது
யாரோ கோணியை விலக்கியதுபோல
சத்தம் முகம் காட்டியது.

கைதான் கேட்கவில்லை.
இதில் ஃப்ரெட்டுகள் நெருக்கம், கம்பி இளக்கம்.
பழைய பலத்தில் இழுத்தால்
நீடாமங்கலத்தில் இறங்க வேண்டிய சுரம்
மன்னார்குடியில் கண் விழித்தது.
இரண்டு இரவு
ஒரே ஒரு வளைவை மட்டும்
அரைச் சுரம், அரைச் சுரம் என்று.
அடுத்த வீட்டு நாய் மூன்றாம் நாள் குரைக்கவில்லை.
அது சரியாகிவிட்டதாலா,
அலுத்துவிட்டதாலா தெரியாது.

முத்துப்பேட்டையில் கல்யாண வரவேற்பு.
மைக்செட் பக்கிரிசாமி ஒயரைப் பிடுங்கிச் செருகினான்.
"அக்கா, ஒங்க லைன் வரலியே."
"வருது."
"உர்ருன்னு ஒரு சத்தம் இருக்குமே?"
ஏழு வருஷமாக
ஜெனரேட்டர், சீரியல் லைட், ஐஸ்கிரீம் வண்டியின் ஃப்ரீசர்
எல்லாவற்றின் இரைச்சலையும் வாங்கிப் பாடிய கிட்டார்.
அந்த உர்ரை வைத்துத்தான்
நான் மேடையேறியதையே அவன் தெரிந்துகொண்டிருக்கிறான்.
இதில் இரண்டு சுருள், எதிரெதிராய்;
ஒன்றின் முனகலை இன்னொன்று அமுக்கிவிடும்.
ஒரு கம்பியைத் தட்டிக் காட்டினேன்.
"யப்பா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் பாட்டிலேயே காணாமல் போனேன்.
அறையில் காயவைத்த அத்தனை அழகும்
சாகுலின் டிரம்முக்கும் ரொசாரியோவின் கீபோர்டுக்கும் அடியில்
உமியாய்ப் பறந்தது.
ரொம்பக் காயப்போட்டால் அரிசி குருணையாகும்,
தினம் சொல்கிறவள்தான் நான்.
சரணத்துக்கு முன் மிடிலை ஆறுக்கு ஏற்றினேன்,
பேஸில் ஒரு கோடு திருப்பிக் கொடுத்தேன்.
மழை வருஷத்தில் அரசாங்கம் தளர்வு கொடுப்பதில்லையா,
அப்படி.
ரொசாரியோ தலையைத் தூக்கி
யாருடா அது என்பதுபோலப் பார்த்தான்.

பிரியாணி முடிந்து ஒயர் சுற்றும்போது
ஆம்பின் முன் குந்தி
புதிய இடங்களைக் குறித்தேன்.
சிவப்புப் புள்ளிகளைச் சுரண்டவில்லை,
அவை பாட்டுக்கு இருக்கட்டும்.
இது பில் புத்தகத்துப் பென்சில்.
அடுத்த வாரம் வேதாரண்யம்,
திறந்தவெளி.