அம்பலம் பத்து மில்லிசெகண்ட்

பருப்பு டப்பாவில் சாய்ந்து நிற்கிறது போன்.
ஈரக்கை பட்டால் நகராது,
முழங்கையால் தொட்டு ஓடவிட்டேன்.
மூக்கடைத்த குரல். முகம் கிடையாது.
வெள்ளைப் பலகையில் ஒரு கை மட்டும்,
எந்த நாட்டுக் கையோ, கட்டைவிரலில் பிளாஸ்திரி.
முப்பத்தாறு பாடம், இலவசம்.

பதினாலு வருடமாக மஞ்சக்குப்பத்தில்
மாடிப்படிக்குக் கீழே அந்த அறையில்
மூச்சை இழுத்துப் பிடிங்க,
ம், விடலாம்.
எழுபது கேவி, எட்டு எம்ஏஎஸ்,
உடம்பு பருத்தவருக்கு அஞ்சு கூட.
குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரிதான்.
சான்றிதழ் இல்லாதவர் பட்டனைத் தொடக்கூடாது,
மார்ச் வரை அவகாசம் என்று
சோதனைக்கு வந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போனார்.
விண்ணப்பத்தில் பெயர்: எஸ்தர் குணவதி.
வயது என்ற கட்டத்தில்
நாற்பத்திமூன்றைச் சின்னதாக எழுதினேன்.

ஆங்கிலம் பாதி புரியும்.
மீதிக்குத் தமிழ் வரிகள் கேட்டேன்,
மெஷினே மொழிபெயர்த்துப் போட்டது.
டார்கெட், இலக்கு. சரி.
ஹீல் எஃபெக்ட், குதிகால் விளைவு.
எக்ஸ்போஷர்,
‘அம்பலம் பத்து மில்லிசெகண்ட் மட்டுமே.’
சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து
இதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன்.
பக்கத்து சீட்டுப் பூக்கூடை
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

குதிகால் விளைவு எனக்குத் தெரிந்ததுதான்,
பெயர்தான் தெரியாது.
குழாயில் கழித்தல் குறி போட்ட முனைக்கு
உடம்பின் தடித்த பக்கம் வரட்டும் என்பார் தாஜுதீன்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.
பிறகு துபாய் போய்விட்டார்.
எத்தனை முதுகுகளை
அந்தக் கழித்தல் குறியை நம்பிக் கிடத்தியிருக்கிறேன்!

ஒன்பதாம் பாடத்தில்
எலக்ட்ரான் தலைதெறிக்க ஓடிவருகிறது.
டங்ஸ்டன் அணுவுக்குப் பக்கத்தில் வளைகிறது,
வேகம் போய்விடுகிறது.
போன வேகம் எங்கே போகும்?
சிப்காட் நெடி ஜன்னலில் ஏறுகிற இடத்தில்
முன்னால் போன லாரிக்காக டிரைவர் பிரேக்கை மிதித்தார்,
நின்றிருந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர்.
அந்த உலுக்கல்தான்.
அதுதான் எக்ஸ்ரே!
புரிந்துவிட்டது, சொல்லத்தான் ஆளில்லை.
கண்டக்டர் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

நூற்றில் தொண்ணூற்றொன்பது சூடாகவே போய்விடுமாம்,
மிச்சம் ஒன்றுதான் எலும்புவரை போய்ப் பார்க்கிறது.
கரண்ட் பில் கட்டுகிற முதலாளிக்கு
இது தெரியாமலிருக்கட்டும்.

பதினேழாம் பாடத்தை மூன்று முறை நிறுத்தினேன்.
தூரம் இரண்டு மடங்கானால் கால்பங்கு,
மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று.
வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் தானே புயல்.
ஓடு விழுந்த தோள், பலாமரம் விழுந்த கால்,
ஜெனரேட்டர் இரைய இரைய
ஒரே நாளில் எண்பது படம்.
துள்ளுகிற பிள்ளைகளைத் தாயோடு சேர்ந்து
நானும் பிடித்துக்கொண்டேன், தாஜுதீன் பட்டனில்.
ஈய ஏப்ரன் கிழிந்து மூலையில் கிடந்தது.
கேஸ் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
சின்ன எண்தான், பயம் ஒன்றுமில்லை.
தாயையாவது நீளக் கையால் பிடிக்கச் சொல்லி
நான் பின்னால் வந்திருக்கலாம்.
ஏப்ரனுக்குக் காசு வேண்டும், சரி.
இரண்டடிக்கு?
பாத்திரத்தை அன்றைக்கு ரொம்ப நேரம் தேய்த்தேன்.

இன்று காலையில்
துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிற கலைநேசன்
வீங்கிய மணிக்கட்டைப் பலகையில் வைத்துக் கேட்டார்,
‘இது உள்ளயே தங்கிடுமாம்மா?’
எத்தனையோ பேர் கேட்டதுதான்.
ஒண்ணும் ஆகாது, ஆட்டாதீங்க என்பேன்.
இன்று,
‘டியூப்லைட்ட அணைச்சா
வெளிச்சம் ரூமுல தங்குமா?’
‘தங்காது.’
‘அவ்ளோதான்.’

அவர் விரல்களை விரித்து யோசித்தார்.
‘அப்ப நீங்க மட்டும் ஏன்
சுவத்துக்குப் பின்னாடி போறீங்க?’

உங்களுக்கு ஒரு படம்,
எனக்குத் தினமும் அறுபது என்றேன்.
தலையாட்டினார்.
பதில் சரிதானா என்று
பத்தொன்பதாம் பாடத்தில் பார்க்கவேண்டும்.
டேட்டா தீர்ந்துவிட்டது,
ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வரும்.