மேடைக்குக் கீழே ஓர் இருக்கை

முப்பத்தோரு ஆண்டாக என் நாற்காலி
நீதிபதியின் முழங்காலுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது.
டுலூத் கூட்டரசு நீதிமன்றம், நான்காம் மாடி.
வந்தவர்கள் எல்லாம் முகத்தைப் பார்க்கிறார்கள்.
பேச்சை விரலில் வாங்கித் தட்டெழுதும் நான்
கால்களைப் பார்க்கிறேன்.

அர்லீன் ஸ்டிமாக் முதலில் வந்தபோது
இடது குதி தேய்ந்த கறுப்பு ஷூ.
காசில்லாதவனுக்கு அரசு தரும் வக்கீல்.
பகலில் ஆணிக் கடையில் கல்லா, இரவில் சட்டப் படிப்பு
என்று யாரோ சொன்னார்கள்; அவர் சொன்னதில்லை.
நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது சொல் பேசுவார்.
என் மணிக்கட்டுக்கு அவரைப் பிடிக்காது.

இரண்டாயிரத்து ஒன்று, மார்ச்.
டுவேன் ஹக்கலா, வயது இருபத்து மூன்று.
இரண்டு நாளில் விற்றது இரண்டு பொட்டலம்.
இரண்டு நாளும் வண்டி இருக்கைக்கு அடியில்
ஒருமுறையும் சுடாத ஒரே துப்பாக்கி.
முதல் நாளுக்கு ஐந்து, மறுநாளுக்கு இருபத்தைந்து,
பொட்டலத்துக்குத் தனியாக இன்னும் ஒன்று;
செங்கல் மாதிரி அடுக்கச் சொன்னது சட்டம்.
நீதிபதி நெஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
“என் கை கட்டப்பட்டிருக்கிறது, வழக்கறிஞரே.”
“அவிழ்க்கிறவர் யாரென்று சொல்லுங்கள்,
அங்கே போய் வாதாடுகிறேன்.”
அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார்,
எதற்கென்று அவருக்கே தெரியாமல்.
அதையும் தட்டினேன்.

பிறகு எட்டு ஆண்டு மாஜிஸ்திரேட்.
ஜாமீன், வாரண்ட், நள்ளிரவுக் கையெழுத்து.
பிறகு அந்த விண்ணப்பம்:
பதினெட்டு வயதிலிருந்து குடியிருந்த வீடெல்லாம்,
வாய் திறந்து பேசிய மேடையெல்லாம்,
வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய அபராதம்கூட.
துப்பறியும் ஆட்கள் அக்கம்பக்கம் கேட்டுப் போனார்கள்.
வாசல் பனியை நேரத்தில் தள்ளமாட்டார்
என்பது ஒன்றே அவர்மீது வந்த புகார்.

வாஷிங்டனில் ஒரு செனட்டர் கேட்டார்,
துப்பாக்கிக்காரன் ஹக்கலாவுக்காக நின்றீர்களே, ஏன்?
“அவர் வக்கீல் கேட்டார். வரிசையில் அடுத்தது நான்.”
அதற்குப் பின் பதினோரு மாதம் சத்தமே இல்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை, ஐம்பதுக்கு நாற்பத்தைந்து.
அந்த நேரம் அவர்
யாரோ ஒருவனின் ஜாமீன் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

வாழ்நாள் பதவி.
அங்கிக்குள் தோள் சற்றுக் காணாமல் போகும்.
அமர்ந்ததும் ஷூவைக் கழற்றிவிடுவார்,
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை,
வலது பெருவிரலில் தையல்.
எனக்கு மட்டும் தெரிந்த அரசு ரகசியம்.
இப்போது மெதுவாகப் பேசுகிறார்.
ஒரு சொல் என்பது ஒருவருக்கு ஒரு வருடம்
என்பதால் இருக்கலாம்.
மணிக்கட்டும் நானும் மன்னித்துவிட்டோம்.

போன பிப்ரவரி.
அடுக்குகிற சட்டத்தைத் திருத்தி வருடங்கள் ஆகிவிட்டன.
உள்ளேயிருந்து ஹக்கலா மனுப் போட்டார்,
தானே கைப்பட, கோடு போட்ட தாளில்.
கணினி சீட்டுக் குலுக்கியது.
பட்டியலில் ஒன்பதாவது. நீதிபதி: ஸ்டிமாக்.

கை கட்டாத நாற்காலி.
இருபத்திரண்டு ஆண்டுக்கு முன் தேடிய அந்த இடம்
இதுதான், இந்த மரம்தான், இந்தப் பேனாதான்.

எண் ஒன்பதை எழுத்தர் வாசித்தார்.
மேசைக்கடியில் ஒரு கால் ஷூவைத் துழாவியது.
கவிழ்ந்து கிடந்ததைக் கட்டைவிரலால் நிமிர்த்தி
நுழைந்தது.
அப்புறம் மற்றக் கால்.
மேலே முகம் எப்படி இருந்ததோ,
நான் நிமிரவில்லை.

“இவர் என் கட்சிக்காரராக இருந்தவர்.
இந்த வழக்கை நான் கேட்கக் கூடாது.”

கோப்பு மினியாபொலிஸுக்குப் போனது,
எந்த நீதிபதிக்கு என்று விசாரிக்க
அவருக்கு உரிமை இல்லை. எனக்கு இருந்தது.
விசாரித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

“எண் பத்து” என்றார்.
அன்று சாயங்காலம் வரை
ஷூவைக் கழற்றவே இல்லை.