ஈமோஸ்

ஐந்து மணிக்கு வருகிறேன் என்று விரல் காட்டிப் போனவன்
எட்டே முக்காலுக்கு மன்னவனூரில் ஜீப்பை நிறுத்தினேன்.
பூம்பாறைக்கு மேலே ஒரு யூகலிப்டஸ்
ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டது.
ரம்பம் வரும்வரை, சிக்னல் இல்லாத போனைச்
சட்டைப்பையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன்.

அறை பூட்டிக் கிடந்தது.
சன்னல் கட்டையில் ஒரு கட்டு மலைப்பூண்டு,
அதன் அடியில் தாள்,
தாளுக்குள் முழு வாடகை.
ஐந்தே வார்த்தை:
எஸ்பெராமோஸ். யாமாமோஸ். கோமீமோஸ் து பான்.

கடைசி வார்த்தை மட்டும் அன்றைக்கே புரிந்தது.
முதல்நாள் சாயங்காலம் நான் வைத்துவிட்டுப் போன பன்.
கவுஞ்சிப் பக்கம் நடந்தார்கள் என்றார் பால்கார தெய்வேந்திரன்.
இல்லை, கிளாவரை என்றது டீக்கடை.
காலி ஜீப்போடு திரும்பினேன்.

ஏழு ரோட்டில் பழைய பேப்பர் எடுக்கும் செபமாலை
எடைக்கு வந்த இலக்கணப் புத்தகத்தை
எடைக்கே கொடுத்தான், நாற்பது ரூபாய்.
அட்டை இல்லை. மூலையெல்லாம் எலி.
விளக்கம் இங்கிலீஷில்; என்னிடம் இருப்பதோ
பத்தாம் வகுப்பில் தேறாத இங்கிலீஷ்.

பெருமாள்மலை இறக்கத்தில் ஒப்பித்தேன், வளைவுக்கு ஓர் ஆளாக.
ஆப்லே, நான் பேசினேன்.
ஆப்லாஸ்தே, நீ பேசினாய்.
ஆப்லோ என்ற வளைவில்
அவன், அவள், அது, மரியாதைக்குரிய தாங்கள்
நாலு பேரும் ஒரே சீட்டில்.

நம் வினைக்குக் காலம் வயிற்றில் இருக்கிறது.
நட, உண், தின், பேசு, எதுவானாலும்
த், ட், ற், இன், நாலில் ஒன்றை நடுவில் போட்டால்தான்
வண்டி பின்னால் போகும்.
அவர்களுக்கு அந்தக் கியர் கிடையாது. எல்லாம் வால்தான்.
ஆப்லோ:
முன்னால் அழுத்தினால் நான் இப்போது பேசுகிறேன்.
வாலில் அழுத்தினால் எவனோ எப்போதோ பேசிவிட்டான்.
குரலைக் கொஞ்சம் தள்ளி வைத்ததற்கு
ஆளும் போச்சு, நாளும் போச்சு.

நாங்கள் என்ற இடத்துக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போட்டேன்.
ஆர் என்று முடியும் வினைக்கு
நேற்றும் இன்றும் ஒரே ஆமோஸ்.
எஸ்பெராமோஸ், காத்திருந்தோம். காத்திருக்கிறோம்.
யாமாமோஸ், கூப்பிட்டோம். கூப்பிடுகிறோம்.
முழு வாடகை முன்பணமாகவும் இருக்கலாமே.
பதினோரு மாதமாக
ஏதோ ஒரு மைல்கல்லில் இரண்டு பேர் பையோடு உட்கார்ந்து
என் ஹாரனுக்குக் காது கொடுத்தபடி இருந்தால்?

அடுத்த பக்கம் ஈரத்தில் ஒட்டியிருந்தது.
பிளேடு வைத்துப் பிரித்தேன்.
ஏர் வினை.
தின்கிறோம், கோமேமோஸ்.
தின்றோம், கோமீமோஸ்.
தலைக்கு மேல் செருகியிருந்த தாளை இறக்கி
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஏ இல்லை, ஈ. மேலே புள்ளிகூட இருக்கிறது.
தின்று முடித்துவிட்டார்கள்.
அந்த ஒரு புள்ளி முன்னால் நின்ற இரண்டையும்
கயிறு கட்டிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது:
காத்திருந்தோம். கூப்பிட்டோம். உன் ரொட்டியைத் தின்றோம்.
எந்த மைல்கல்லிலும் யாரும் இல்லை.

நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.
ஆனாலும் அன்றைக்குப் பள்ளங்கி வரை
இரண்டாவது கியரை விட்டு மாறவில்லை.

தாளின் பின்பக்கம் எழுதினேன்: யெகே.
வந்து சேர்ந்தேன்.
நீ வந்தாய், அவர்கள் வந்தார்கள், எல்லாருக்கும் நேர்வழி.
நான் என்று எழுதும்போது மட்டும்
நடுவில் ஓர் ஊவை ஏற்ற வேண்டுமாம்.
அதற்குச் சத்தம் கிடையாது,
ஏற்றாவிட்டால் பக்கத்து எழுத்தின் தொண்டை மாறிவிடும்.
சரி, கிளீனர் பையன் மாதிரி
பின்னால் தொங்கிக்கொண்டு வரட்டும்.
பிறகு 'தாமதமாக' என்பதைத் தேடினேன்.
தார்தே.
யெகே தார்தே.

அனுப்ப முகவரி இல்லை.
இருந்த இடத்திலேயே மறுபடி செருகும்போது
பேரிஜம் போகுமா, பாஸ் எங்கே வாங்கணும் என்று
ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.