வெறும் வயிற்றின் ஒரு மணி நேரம்

ஐந்தரை.
விளக்கைப் போடாமலே கைக்குத் தெரியும்
மாத்திரை டப்பா இருக்குமிடம்.
தண்ணீரோடு விழுங்கிவிட்டுச்
சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
இனி ஒரு மணி நேரம் எதுவும் கூடாது.
காப்பி கூடாது. பால் கூடாது.
இரும்புச்சத்து மாத்திரைக்கோ
மதியம்வரை வாசலிலேயே நிற்கும் தலையெழுத்து.

பனிச்சறுக்க வந்த ஜெர்மன்காரர்கள் ஆறு பேர்
மாடியில் குறட்டை விடுகிறார்கள்.
அவர்களுக்காக மாவு பிசைகிறேன்.
இறைச்சி அடைத்த ரொட்டி, எட்டு.
பூண்டு மணம் மூக்கிலேறி வயிற்றைக் கூப்பிடுகிறது.
வயிறு பதில் சொல்கிறது.
இருவரையும் சும்மா இருக்கச் சொல்கிறேன்.

குளிர்கிறது என்றேன், போன வருடம் முழுக்க.
மெஸ்தியாவில், ஜனவரியில்,
குளிர்கிறது என்பவளை
யார் டாக்டரிடம் அனுப்புவார்கள்?
இன்னொரு கம்பளி தந்தார்கள்.
முடி கொட்டியது. துக்கம் என்றார்கள்.
பகலெல்லாம் தூங்கினேன். அதற்கும் துக்கம் என்றார்கள்.
துக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.
ஒன்பதாம் வாரம். பதினோராம் வாரம்.
பிறகு ஏழு.
மூன்றாவதைப் பற்றி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை,
ஆகவே யாரும் விசாரிக்கவும் இல்லை.
துணி அலசிய வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.
அவ்வளவுதான் சடங்கு.

சுக்திதிக்குப் போகும் வேன்
எங்கூரி ஆற்றை ஒட்டி நாலு மணி நேரம் இறங்கியது.
பாறை சரிந்த வளைவுகளில்
எல்குஜா என் கையைப் பிடிக்கவில்லை.
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தான்,
இரண்டு கையாலும்.

டாக்டர் காத்துனா என் கழுத்தில் விரல்களை வைத்து
விழுங்கு என்றார்.
விழுங்கினேன்.
எத்தனையோ விழுங்கியிருக்கிறேன்,
அப்போதெல்லாம் யாரும்
தொண்டையைத் தொட்டுப் பார்த்ததில்லை.
வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும் என்று
தைராய்டைத் தாளில் வரைந்து காட்டினார்.
எனக்கு அது நுகத்தடியாகத் தெரிந்தது.
நடுவில் மெலிந்து, இரு பக்கமும் ஏதோ இழுக்க.

'அதனால்தானா அந்த மூன்றும்?'
பேனாவை மூடினார். திறந்தார்.
'இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் இந்த எண்ணை நம்மால் இறக்க முடியும்.'

வீட்டில் என்ன உப்பு என்றும் கேட்டார்.
காட்டுச்சீரகம் இடித்துச் சேர்த்த
என் மாமியார் நூனுவின் கல்லுப்பு, என்றேன்.
சொன்ன வேகத்திலேயே புரிந்துகொண்டார்.
'உப்பின் மேல் பழியைப் போடாதே. மாமியார் மேலும்.'
எல்குஜா அன்று முதன்முறையாகச் சிரித்தான்.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பிப்ரவரியில் தீப்பந்தத் திருவிழா.
வீட்டு ஆண்களுக்கு ஆளுக்கொன்று,
வயிற்றில் இருப்பதற்கும் ஒன்று.
நூனு பூர்ச்சமரம் பிளந்து
மூன்று செய்து வைத்திருந்தாள்.
சின்னதைக் கொளுத்தாதே என்றேன்.
ஏன் என்று கேட்காமல்
கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தாள்.
இரண்டு வெளிச்சங்கள் பனியில் ஏறிப் போவதை
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
பெருக்கும்போதெல்லாம் அதைத் தூக்கி,
பெருக்கி,
மறுபடி அங்கேயே வைக்கிறேன்.

நேற்று போனில் காத்துனா:
பதினாலாம் வாரம், எண் கொஞ்சம் ஏறியிருக்கிறது.
பயப்படாதே, குழந்தைக்கும் சேர்த்துச் சுரக்க வேண்டுமே,
அப்படித்தான் கேட்கும்.
அரை மாத்திரை கூட்டிக்கொள்.

இன்று ரொட்டிக் கத்தியால் ஒன்றைப் பிளந்தேன்.
முழுதும் பாதியும் உள்ளே போயின.
மறுபாதி துள்ளி மாவில் விழுந்தது.
வெள்ளையில் வெள்ளை.
மூச்சை அடக்கி, சுண்டுவிரலால் துழாவி எடுத்தேன்.
காலண்டர் தாளில் மடித்து
மேலே எழுதினேன்: நாளைக்கு.

எழுதிய பிறகுதான் கவனித்தேன்.
ஒரு காலுறை வாங்கியதில்லை, இந்த முறை.
ஒரு பெயரை வாய்க்குள்கூடச் சொன்னதில்லை.

மாடியில் யாரோ எழுந்துவிட்டார்கள், குழாயில் தண்ணீர் ஓடுகிறது.
ஆறு இருபத்தாறு.
இன்னும் நாலு நிமிடம்.