குறுக்குவழி

உலான்பாதர். மைனஸ் முப்பத்தொன்று.
சர்வர் அறையில் மட்டும் கோடை.
ஓயூன்கெரெல் கையைச் சுருட்டிவிட்டு
அண்டை ரவுட்டரின் எண்ணை அடிக்கிறாள்.

இந்த நெறிமுறைக்குச் சந்தேகப்படத் தெரியாது.
பக்கத்து வீட்டான் 'என் வழியே வா' என்றால்
வந்துவிடும்,
அடுத்தவனிடமும் அதையே சொல்லும்.

வடிகட்டி போட மறந்தாள். ஒரே வரி.
நாலு நிமிடம்
பாதி சைபீரியாவின் காதலும் கடனும் கால்பந்துக் கோல்களும்
அவளுடைய ஒற்றைக் கம்பியில் நெரிந்தன.

இர்குட்ஸ்கிலிருந்து போன்:
"உலகத்துக்கே குறுக்குவழி நீங்கள்தானாமே?"
ரோதியோன் சிரித்தானா, இருமினானா, தெரியவில்லை.

சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றாள்.
பச்சை விளக்குகள் மூச்சு வாங்கின.

வாசலில் டாக்ஸிக்காரர் கேட்டார்:
"எந்தப் பக்கமாகப் போகட்டும்?"

பதில் சொல்ல
அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.