பிரிதல்

நாலு அறை இருக்க வேண்டிய இதயத்தில்
இரண்டே இருந்தது.
மற்றதெல்லாம் சரியா இருக்கு என்றார் டாக்டர் ஹபீலா,
திரையில் தலையைத் தொட்டு:
மூளை நல்லா வளருது, பாருங்க.

பார்த்தேன்.
கலங்கல் தண்ணிக்குள் கண் விழித்தது போலிருந்தது.
நல்லா வளர்கிற ஒன்றை எதற்குக் காட்டினார் என்று
இன்னும் எனக்குக் கோபம்.

பதினேழாவது வாரம் என்று எழுதினார்கள்.
நான் வாரம் எண்ணுகிறவள் இல்லை.
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்
முல்லித் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவள்.
என் கணக்கில் எட்டு நடை.
கடைசி மூன்றுக்கு நான் போகவில்லை.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
மூன்று பக்கத் தாள் கொடுத்தார்கள்.
மூன்றாவது பக்கம் ஆராய்ச்சிக்கு.
வேண்டாம் என்றார் களஞ்சியம்.
வாசலுக்குப் போய்ப் பீடி பற்றவைத்து
பாதியில் அணைத்துவிட்டு வந்து
நீயே போடு என்றார்.
போட்டேன். க. நம்புசெல்வி.
பேனா பிடிக்கும் இடத்தில்
பாறை கிழித்த தழும்பு.

விளக்கிச் சொல்ல ஒரு சின்னப் பெண் வந்தாள்.
மூளைக்கு நடுவே நீர் நிறைந்த சுனை மாதிரி ஓர் இடம், அக்கா.
அதன் கரையில் தாய்ச் செல்கள் நெருக்கியடித்து நிற்கும்.
ஒவ்வொன்றும் அங்கே காலூன்றி
மேல்விளிம்பு வரைக்கும்
நூல் போல ஒரு கையை நீட்டியிருக்கும்.
பிரியும்.
ஒரு பங்கு தாயாகவே கரையில் நிற்கும்.
மறு பங்கு மகள், அந்தக் கையைப் பற்றி ஏறிப் போவாள்.
முதலில் போனவள் அடியில் தங்க
பின்னால் பிறந்தவள் அவளைத் தாண்டி இன்னும் மேலே.
நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் என்றாள்.
அவள் முகம் மலர்ந்தது.
சட்டென்று என் வயிற்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் பக்கம் பிரிந்தது என்றால்
உயிர் பிரிந்தது, இல்லையென்றால் பங்காளி பிரிந்தது.
பிரியப் பிரியப் பெருகுவதை
அன்றைக்குத்தான் கேட்டேன்.

எல்லாரும் ஏறின பிறகு தாய் என்ன ஆகும்?
கையை உள்ளே இழுத்துக்கொண்டு
வேறு செல்லாக மாறி
மகள்களுக்குச் சோறு தண்ணி பார்க்கும் என்றாள்.
சரி.
எங்கள் வீடுகளிலும் அதேதான்.

வாடை தொடங்கின பிறகு போன் வந்தது.
உயிரோடு இருக்கு, அக்கா. தட்டில்.
குட்டிக் குட்டி உருண்டையாய் மிதக்குது.
இன்னும் பிரியுது.
சொறிக்குஞ்சு மாதிரியா என்றேன்.
அவள் சொறி பார்த்ததில்லை.

அதுக்கு ஏதாவது தெரியுமா?
தெரியாது அக்கா, வெறும் செல்தான்.
வெறும் செல்.
தெரிந்துகொள்ளப் போகிற ஒன்றைக் கட்டத்தானே
அவை கிளம்பின.
கிளம்பினது எங்கே, நிற்பது எங்கே
என்று அவற்றுக்கு யார் சொல்வார்?
நான் கேட்கவில்லை.
பேலன்ஸ் தீர்ந்தது போல
போனை வைத்துவிட்டேன்.

தண்ணிக்குள் போனால்
ஒரு கை பாறையைப் பிடித்திருக்கும்.
ஒரு கை பாசியைக் கிள்ளும்.
இரண்டும் என் கைதான்.
ஒன்று இரு என்கிறது, ஒன்று போ என்கிறது.

இந்த அமாவாசை நடைக்குப் போனேன்.
தகரத்தட்டைக் காலில் கட்டி
விரலுக்குத் துணி சுற்றி
மரிக்கொழுந்துப் பாசி அடர்ந்த பள்ளத்தில் இறங்கினேன்.
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு.
ஆயிரத்து இருபத்து நான்கில்
மூச்சு முட்டியது.

ஏண்டி இன்னைக்கு இவ்வளவு நேரம் அடியில?
படகோரம் பிடித்திருந்த இருளேஸ்வரி கேட்டாள்.
எண்ணிக்கிட்டு இருந்தேன் என்றேன்.
எதை என்று அவள் கேட்கவில்லை.
வலைப்பையை விரித்துப் பிடித்தாள்.